குடு இங்க

"குடு இங்க."

கணவர் கையை நீட்டியபடி நின்றார். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கு அன்று பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. டேப்லெட்டில் எழுத வேண்டும். அதற்கான பயிற்சியைச் செல்போனில் திறந்துவைத்துக்கொண்டு அரைமணி நேரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"இருங்க, நானே பாத்துக்கறேன்."

"நீ பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்."

பிடுங்கினார். நாலு தட்டுத் தட்டினார். பயிற்சி முடிந்தது. அம்மா தொட்டால் செல்போனே பயந்து நின்றுவிடும் என்று உள்ளேயிருந்து மகள் சிரித்தாள்.

பத்து வருடமாக இதே கூத்துதான். மின்கட்டணமோ, டாக்டரைப் பார்க்க நேரம் கேட்பதோ, அவள் எதைத் தொட்டாலும் குறுக்கே ஒரு கை வந்துவிடும். அன்பாகத்தான் வரும். அவளும் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். சலவை இயந்திரம் போடும் சத்தத்தை வைத்தே உள்ளே எந்த பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

தேர்வில் மூன்று கேள்விகள் சரியாக முடிந்தன. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு என்று பிரித்துப் போடுவது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நாலாவதில் திரை சிவந்தது. தேதி தவறு என்றது. புரிந்தது. திருத்த விரலும் போனது. அதற்குள் கை தானாக டேப்லெட்டைத் தூக்கி, பக்கத்தில் நின்ற தேர்வாளரிடம் நீட்டிவிட்டது.

"முடிச்சிட்டீங்களாம்மா?" என்று வாங்கிக்கொண்டார் அவர்.

இல்லை என்று அவள் சொல்வதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். ஒருமுறை ஒப்படைத்தால் திரும்பத் தர விதியில்லையாம். அவருடைய தாளில், தேறாததற்குக் காரணம் என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன: வயது, படிப்பு, பழக்கமின்மை. அவள் தலையில் நரையைப் பார்த்தார். வயதில் குறி போட்டார்.

"வயசில்லீங்க சார்."

"பின்ன என்னம்மா?"

கொடுத்தே பழகிப்போன கை. அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மறுதேர்வுக்குச் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தாள். கடவுச்சொல் இரண்டு தடவை தவறிப்போனது. மூன்றாவது தடவையும் தவறியபோது கணவரின் கை வந்தது.

"குடு இங்க."

அவள் கை ஒருகணம் எழுந்தது. செல்போனை மடியில் கவிழ்த்தாள். பக்கத்தில் மடிக்காமல் கிடந்த துணிக்கூடையைத் தூக்கி, நீட்டிய கையில் வைத்தாள்.

"இதை மடிங்க. தப்பா மடிச்சாலும் நான் பிடுங்க மாட்டேன்."