அண்ணி வைத்த வாளி

வெளிச்சுவரை இடித்துவிட்டால் மாடி அறை பால்கனி ஆகிவிடும் என்று அண்ணன் நினைத்தான். நான் கட்டட மேஸ்திரி, விடுவேனா? அறைக்குள் போட்ட தளம் மட்டமாகத்தான் இருக்கும். மழை விழுந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்து, நீர் கசியாத பூச்சும் பூசினேன்.

சோதித்துப் பார்க்க, வடிகுழாயை அடைத்துத் தளம் நிறையத் தண்ணீர் தேக்கினேன். நேர் கீழே அண்ணியின் படுக்கையறை. அவள் கட்டில் மேல் ஒரு வாளியை வைத்துவிட்டாள்.

"என் வேலை மேல அவ்வளவு நம்பிக்கையா, அண்ணி?" என்று எரிந்து விழுந்தேன்.

"மெத்தை புதுசும்மா," என்றாள்.

மறுநாள் வாளியில் ஒரு சொட்டு இல்லை. அந்தக் காலி வாளியைக் கையில் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்காரியிடம் அண்ணி அளந்துகொண்டிருந்தாள்: "எங்க நாத்தனார் கட்டினது! ஒழுகுமோன்னு எனக்குச் சந்தேகமே வரலையே!"