ஆப் பேரைச் சொன்னவள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் அவள் அந்தச் செய்தியைப் பார்த்தாள்.

படம் வரையும் பிள்ளைகளுக்கான இணையக் குழு அது. வரைந்ததைப் போடுவார்கள், ஒருவரையொருவர் கலாய்ப்பார்கள். மேற்பார்வை பார்க்கும் சிலரில் அவளும் ஒருத்தி. விதியை மீறியதாகக் கணினி தானாக அழித்த செய்திகளை மதிய இடைவேளையில் ஒரு பார்வை பார்ப்பது அவள் பொறுப்பு.

‘பட்டாணி’ என்ற புனைபெயரில் வரையும் சிறுமி எழுதியிருந்தாள். ஒரு போட்டோ ஆப்பின் பெயரைச் சொல்லி, “இங்க இருக்கிற ஒரு அண்ணா அங்க வரச் சொன்னாங்க. அவங்க ஐடி அவங்க வரைஞ்ச கடைத்தெரு படத்துல, போர்டுல இருக்கு. இப்ப என் போட்டோ கேட்டு மிரட்டுறாங்க. யாராவது சொல்லுங்க, என்ன பண்றது?”

கீழே, குழுவின் செய்திகளைத் தானாகச் சலிக்கும் இயந்திரத்தின் பதில்: ‘பிற சமூக ஊடகங்களைக் குறிப்பிடக் கூடாது. இது எச்சரிக்கை.’

சிறுமி ஆப்பின் பெயரை எழுத்துப் பிரித்து மறுபடி எழுதியிருந்தாள். அதுவும் போயிற்று. இந்தமுறை எச்சரிக்கை இல்லை, நேரே வெளியேற்றம். அந்த ‘அண்ணா’வின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பச்சைப் புள்ளி ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் ஐடியைப் படத்துக்குள் வரைந்திருந்தானே தவிர, இயந்திரம் படிக்கும்படி செய்தியில் எழுதவில்லையே! கடைத்தெருப் படத்துக்குக் கீழே பிள்ளைகள் இதயமாய்க் குவித்திருந்தார்கள்.

டப்பாவை மூடினாள். முதலில் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்தாள். குழுவில் அவன் கணக்கை முடக்கினாள். பிறகு குழுவை நடத்துபவரை அழைத்தாள். பிள்ளைகள் அவரை ‘தலைவர்’ என்பார்கள்.

“விதி விதிதான்மா,” என்றார் அவர். “ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாப் பிள்ளையும் ஐடி போடும்.”

“அவ ஐடி போடல சார். உதவி கேட்டிருக்கா.”

“மெஷினுக்கு அது தெரியுமா?”

“மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது? திருடனை உள்ளே உக்கார வச்சிட்டு, திருடன் திருடன்னு கத்துனவ வாயைப் பொத்தியிருக்கீங்க!”

“மெதுவாப் பேசு. வெளிய தெரிஞ்சா குழு பேரு என்ன ஆகும்?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. “பேரா? அந்தப் புள்ள பன்னெண்டு வயசு சார்.”

“சாயங்காலம் நிதானமாப் பேசுவோம். அதுவரைக்கும் நீ எதுவும் செய்யாத.”

அவள் போனை வைத்தாள். சிறுமியைச் சேர்க்கும்போது பதிந்திருந்த அம்மாவின் எண்ணை எடுத்து அழைத்தாள். அந்த அம்மா முதலில் நம்பவில்லை, பிறகு அழுதாள், பிறகு, “அவளை அடிக்க மாட்டேன், சத்தியமா அடிக்க மாட்டேன்,” என்று கேட்காமலே சொன்னாள்.

“அதை அவகிட்ட சொல்லுங்கக்கா. முதல்ல அதைத்தான் சொல்லணும். எதையும் அழிக்காதீங்க. நான் வர்றேன், போலீஸுக்குப் போவோம்.”

முதலாளியிடம் அரைநாள் விடுப்புக் கேட்டபோது, “ஏன் முகம் இப்படி இருக்கு?” என்றார். “கோபம் சார்,” என்றாள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பட்டாணி அம்மாவின் கையை விடாமல், “நான் ரூல்ஸை மீறிட்டேன்,” என்றாள். கண்ணாடிக்கடைப் பெண்ணுக்கு, அந்தத் தலைவர் எதிரே இருந்தால் என்ன செய்திருப்போமோ என்று தோன்றியது.

“நீ மீறல கண்ணு. அந்த ரூல்தான் முட்டாள் ரூல்.”

ஆசாமி சில வாரங்களில் பிடிபட்டான். அண்ணன் இல்லை, கல்யாண வயதில் மகன் இருக்கும் ஆள். செய்தி கேட்ட மற்ற பெற்றோர்கள் தலைவரைப் பிய்த்தெடுத்தார்கள். அதன்பின் விதி மாறியது: ஐடியோ இணைப்போ எழுத்திலும் படத்திலும் போடக் கூடாது, ஆனால் எங்கே எது நடந்தாலும், எந்தப் பெயரையும் சொல்லி மேற்பார்வையாளரிடம் முறையிடலாம், முறையிட்டவருக்குத் தண்டனை கிடையாது. அந்தச் செய்திகளை இயந்திரம் தொடாது, மனிதர் படிப்பார்.

சிறுமிக்கு எழுத வேண்டிய மன்னிப்பைத் தலைவர் முதலில் கண்ணாடிக்கடைப் பெண்ணின் பார்வைக்கு அனுப்பினார். ‘ஏதேனும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால்’ என்று தொடங்கியது.

“‘ஏதேனும்’ எதுக்கு? ‘இருந்தால்’ எதுக்கு?” என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி வந்ததில் ‘இருந்தால்’ மட்டும் போயிருந்தது. மறுபடியும் திருப்பினாள். கடைசியில் அவர், ‘நீ உதவி கேட்டாய், நான் உன்னை வெளியே தள்ளினேன். தவறு என்னுடையது’ என்று எழுதினார்.

பட்டாணி, ‘சரி’ என்று மட்டும் பதில் போட்டாள். குழுவுக்குத் திரும்பி வரவில்லை.