தாலி கட்டும் படம்

"மேளம் கொட்றதுக்குள்ள நகரும்மா. தாலி ஏறும்போது நீ எதிர்ல நிக்கக் கூடாது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி.

வெளிச்சத்தை மறைக்கிறோமோ என்று இளமதி கேமராவுடன் ஓரடி தள்ளி நின்றாள்.

"அங்கயும் வேணாம். உங்க வீட்டுக்காரரு இல்லியாமே? இப்பதான் சொன்னாங்க."

கணவன் இறந்த பிறகு, சிதம்பரத்தில் அவனுடைய ஸ்டுடியோவை மூன்று வருடமாக நடத்துகிறவள் இளமதி. அன்று காலையிலிருந்து அந்தக் காட்டுமன்னார்கோயில் மண்டபமே அவள் முன்னால்தான் சிரித்திருந்தது. ராஜாமணியும் புதுப்பட்டில் நான்கு முறை வந்து நின்று, "இன்னொண்ணு எடும்மா, கண்ண மூடிட்டேன்" என்றவள்தான்.

மணவறையில் இருந்த மணப்பெண் கயல்விழி நிமிர்ந்தாள். "அவுங்களே எடுக்கட்டும் அத்த."

"நீ தலையக் குனிம்மா."

மாப்பிள்ளையின் தாய்மாமன் திருநாவுக்கரசு கேமராவை வாங்கிக்கொண்டார். இளமதி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், இலை போடுகிறவர்களுக்கு நடுவே நின்றாள். கெட்டிமேளம் ஏறி அடங்கியது. வெறுங்கையில் அவள் ஆட்காட்டி விரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

மாமன் எடுத்திருந்தது ஒரே படம். முந்திக்கொண்டு முன்னால் நின்ற ராஜாமணியின் முதுகு அதை முழுக்க அடைத்திருந்தது. மகன் இல்லை, மருமகள் இல்லை, தாலியும் இல்லை. சொந்தக்காரர்களின் செல்போன்களிலும் அதே முதுகுதான்.

ராஜாமணி இளமதியைத் தேடிக்கொண்டு வந்தாள். "மறுபடி கட்ற மாதிரி உக்கார வெக்கிறேன். எடுத்துக் குடும்மா."

"நான் எதிர்ல நிக்கலாமா?"

"இது சும்மா போட்டோவுக்குத்தானே. தோஷம் இல்ல."

இளமதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நடந்ததத்தான் எடுப்பேங்க. நடக்காதத எடுக்க மாட்டேன்."

மறுமாதம் ஆல்பம் கடலூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தது. நடுப்பக்கம் முழுக்க அந்த முதுகு. எந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடலாம் என்று புருஷன் கேட்டபோது, கயல்விழி யோசிக்காமல் அதைத்தான் காட்டினாள். ராஜாமணி அதை இரண்டு முறை கழற்றி வைத்தாள். இரண்டு முறையும் அது மறுநாளே கூடத்துச் சுவருக்கு வந்துவிட்டது.

பண்ருட்டியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா இது? தாலி கட்ற படம் இல்லியா?"

"அதுதாங்க இது" என்று காபியை நீட்டினாள் கயல்விழி. "தாலி எங்கன்னு அத்தையக் கேளுங்க."