பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில்

கார் ஓட்டச் சொல்லித் தரும் வாத்தியாருக்கு ஒரு நாளைக்கு நாலு பாட்டில் தண்ணீர் வேண்டும். கடையில் வாங்குவார், குடிப்பார், பாட்டிலைக் காலடியில் போடுவார். வண்டி ஒரு வளைவு திரும்பினால் போதும், அத்தனையும் கடகடவென்று உருளும். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகச் சொல்லி மனைவி அலுத்துவிட்டாள். "நான் என்ன ஸ்கூல் பிள்ளையா, பாட்டிலை மாட்டிக்கிட்டுப் போக?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அந்த மாதம் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள் அவருடைய மச்சினி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாய் சும்மா இருக்காது.

"மாமா, இது காரா, காயலான் கடையா?"

"ரோட்டைப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கச்சேரி வேற ஓசியில கேக்குது."

அப்போது வண்டி ஓர் இறக்கத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கம் முடியும் இடத்தில் தபால் ஆபீஸ் சுவர்.

"பிரேக் பிடி" என்றார். அவள் மிதித்தாள். பெடல் இறங்கவில்லை. அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, அதை மிதித்தார். அதுவும் அசையவில்லை. இரண்டும் ஒரே கம்பியில் இணைந்தவை. அவருடைய பெடலுக்கு அடியில், பாதித் தண்ணீரோடு இறுக மூடிய பாட்டில் ஒன்று வசமாகச் செருகிக்கொண்டிருந்தது.

பதினெட்டு வருஷ அனுபவம் எங்கே போயிற்றோ, வாத்தியார் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "அய்யய்யோ!" என்று அலறினார்.

மச்சினி கைபிரேக்கைச் சுண்டி இழுத்தாள். சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"எப்படிம்மா?" என்றார் அவர்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மாமா. மூணாவது பாடம். அய்யய்யோங்கிறது எந்தப் பாடம்?"

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

"சொல்லல. ஆனா இனிமே நான் வாங்கித் தர்ற பாட்டில்லதான் தண்ணி."

மறுநாள் வாங்கி வந்தாள். தண்ணீரைச் சூடேற விடாத நல்ல எவர்சில்வர்தான். ஆனால் ரோஸ் கலர், மேலே காது தூக்கிய முயல்.

"வேற கலரே இல்லையா?"

"இருந்துச்சு. இதுதான் உங்க முகத்துக்கு எடுப்பா இருந்துச்சு."

முதல் வாரம் அதைத் துண்டில் சுற்றி ஒளித்தார். அடுத்த வாரம் துண்டு போயிற்று. வெயிலில் நின்றாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும்போது முயலாவது, ரோஸாவது! லைசென்ஸ் ஆபீஸ் குழாயில் அவரே பிடித்து நிரப்பிக்கொள்வார். "முயல் வாத்தியார்" என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் காதில் விழுந்தது.

மச்சினி முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "பத்து வருஷமா நான் தொண்டை கிழியக் கத்துனேன். நீ என்னடி சொல்லி இவரை மாத்தினே?"

"நான் என்னக்கா சொன்னேன்? மாமாவாத்தான் திருந்திட்டாரு" என்றாள் மச்சினி, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவரால் தாங்க முடியவில்லை. இறக்கம், சுவர், அலறல் எல்லாவற்றையும் தானே கொட்டிவிட்டார்.

மனைவி பயந்துபோய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கே, அந்த அய்யய்யோவை இன்னொரு தரம் சொல்லுங்க, கேப்போம்."