தெரியாமல் போட்ட ஒட்டு

கீழ்த்தளத்துக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: 'கிழிந்த துணிகளுக்குத் தெரியாமல் ஒட்டுப் போடப்படும்.' எழுதி மாட்டியவள் தையல்காரி. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவளிடம் கோட்டு கொடுத்து வாங்கியவர்கள், எங்கே கிழிந்திருந்தது என்று திரும்ப வந்து அவளையே கேட்டிருக்கிறார்கள். ஓட்டை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவள் கை சும்மா இராது.

அந்த மதியம் பலகைக்குக் கீழே தண்ணீர் நின்றது. காலையிலிருந்து கொட்டிய மழை மண்ணுக்குள் ஊறி, அறை மூலையில் இருந்த குழியை நிரப்பி, வழிந்து தரைக்கு வந்துவிட்டது. ஊறும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கென்றே அந்தக் குழிக்குள் ஒரு பம்பு இருந்தது. அது ஓடத்தான் செய்தது. ஆனால் சம்பந்தி வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி உறுமல்தான் இருந்ததே தவிர, வேலை ஒன்றும் நடக்கவில்லை.

துணிகளையெல்லாம் மேலே ஏற்றியாயிற்று. ஏற்ற முடியாதது பூத்தையல் மிஷின். அதைக் கீழே இறக்கவே ஐந்து பேரும், கழற்றிப் போட்ட ஒரு கதவும் தேவைப்பட்டன. ஏழு வருடம் அடுத்தவர் கடையில் குனிந்து தைத்து அவள் வாங்கிய மிஷின் அது. அதன் மோட்டார் பெட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அது நனைந்தால் மறுபடி அடுத்தவர் கடைதான். தையல்காரி தண்ணீருக்கும் பெட்டிக்கும் நடுவே விரலை வைத்து அளந்தாள். நான்கு விரல். கொஞ்சம் கழித்து அளந்தபோது மூன்று.

"மோட்டார் போச்சு. புதுசு வாங்கிடலாம்," என்றான் கணவன், வாளியில் மொண்டபடி. எது கெட்டாலும் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"உங்க தங்கச்சி வந்துக்கிட்டிருக்கா. நீங்க பேசாம மொண்டு ஊத்துங்க."

அவன் தங்கை குழாய் வேலை செய்கிறவள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பதால் வீட்டில் அவளுக்கு வாத்து என்று பேர். இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பம்பைப் பொருத்தியவளும் அவள்தான். துளை போடும் மிஷினைக்கூட வேலை நடக்கும் இடத்திலேயே போட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து படியிறங்கி வந்தாள்.

"அண்ணி, முதல்ல பிளக்கப் பிடுங்குங்க."

பிளக் சுவரில் ஆள் உயரத்தில் இருந்தது. தையல்காரி எட்டிப் பிடுங்கினாள். வாத்து குழிக்குள் தோள் வரை கையை விட்டு, முதலில் மிதவையை ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஏறினால் தானும் ஏறிப் பம்பை ஓட வைக்கும் உருண்டை அது. எங்கும் சிக்காமல் மேலும் கீழும் போய் வந்தது. அடுத்து பம்பின் அடிவாயைத் துழாவினாள். கை வெளியே வந்தபோது ஒரு கொத்து நூலும் கூடவே வந்தது.

"என்ன அண்ணி, பம்புக்கும் சட்டை தைக்கிறீங்களா?"

தையல்காரிக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது. கோளாறு பிடிபட்டுவிட்டதே. ஒரே தாவில் பிளக்கை மாட்டினாள். பம்பு உறுமியது. கணவன் வாளியைப் போட்டுவிட்டு, குழாய் போய் முடியும் இடத்தைப் பார்க்க வெளியே ஓடினான். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"சொட்டு வரல. நான்தான் அப்பவே சொன்னேன், புதுசு..."

"அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு."

தையல்காரி அளந்தாள். இரண்டு விரல்.

வாத்து குழாயில் காதை வைத்துக் கேட்டாள். அவள் கண் பளிச்சென்றது. "மோட்டாருக்கு ஒண்ணுமில்ல அண்ணி. வெறும் காத்துல சுத்துது. வெயில் நாள்ல குழி வத்தினப்ப உள்ள காத்து பூந்திருக்கு. தண்ணி திரும்பி வராம மேல ஒரு தடுப்பு வால்வு இருக்கு, அது காத்த வெளிய விடாது. இதுக்குத்தான் வால்வுக்குக் கீழ குழாயில ஒரு சின்ன ஓட்டை போட்டு வெச்சேன், காத்து போகட்டும்னு."

தையல்காரியின் கண் சட்டென்று அந்தக் குழாய்க்குப் போனது.

வாத்து குழாயைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அவள் முகம் சுண்டிப்போனது. "போட்டேன்னுதானே நினைச்சேன். மறந்து தொலைச்சிருக்கேன் போல. அண்ணி, உங்க மிஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன். போய்த் துளை மிஷின எடுத்துட்டு ஓடியாறேன், இருபது நிமிஷம்."

போன மழையில் அந்தக் குழாயிலிருந்து ஊசி கனத்தில் ஒரு நீர்க்கோடு பீய்ச்சி, தைத்து முடித்த வெள்ளைத் துணியைப் பாழாக்கியிருந்தது. மழை விட்டதும் தையல்காரி பசையைக் குழைத்து அதை அடைத்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள். குழாயின் சாம்பல் நிறத்திலேயே சாயம் கலந்து பூசினாள். பிறகு தள்ளி நின்று பார்த்து, பரவாயில்லையே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டும் இருந்தாள்.

இப்போது வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பழியை வாத்தே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். தையல்காரிக்கு அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்றால் பொய். ஆனால் படியேறப் போன வாத்தின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"நில்லு. நீ போட்டிருந்த. நான்தான் அடைச்சேன். ஒழுகுதுன்னு நினைச்சு, தெரியாம ஒட்டுப் போட்டுட்டேன்."

கணவனின் வாளி பாதியில் நின்றது. அவன் வாயைத் திறந்தான். தங்கை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"எந்த இடம்னு சொல்லுங்க," என்றாள் வாத்து.

"சொல்ல முடியாது. தடவித்தான் பாக்கணும். பிளக்கப் பிடுங்கு."

தையல்காரி மேலே ஓடி, தோல் பட்டைக்குத் துளை போடும் குத்தூசியை எடுத்து வந்தாள். தண்ணீரில் மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு குழாய் மேல் விரலை மெல்ல ஓட்டினாள். ஒட்டு எவ்வளவு நயமாக இருந்தாலும் போட்ட விரலுக்கு அதன் விளிம்பு தெரியும். இதோ. குத்தூசியை வைத்துத் திருகினாள். பசை மாவு மாவாக உதிர்ந்தது. உள்ளங்கை எரிந்தது. இன்னும் ஒரு திருகு, அவ்வளவுதான், புஸ்ஸென்று காற்று வந்தது.

"இப்ப மாட்டு."

பம்பு உறுமியது, செருமியது, குழாய் ஒரு குலுங்கு குலுங்கியது. ஊசி கனத்து நீர்க்கோடு நேராக வந்து தையல்காரியின் கன்னத்தில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவே இல்லை. வெளியே இருந்து கணவன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "வருது, வருது, குபுகுபுன்னு வருது."

ஒரு விரல் இடைவெளியில் நின்ற தண்ணீர் தயங்கி, இறங்கத் தொடங்கியது. இரண்டு விரல். மூன்று. நான்காவது விரலை வைத்தபோது தையல்காரி அழுதுவிட்டாள், கூடவே சிரிப்பும் வந்தது.

வாத்து காலணியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கதவுப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஒரு எழுத்து பொய் இல்ல அண்ணி. நான் போட்ட ஓட்டை எனக்கே தெரியல."

தையல்காரி குழியிலிருந்து வந்த நூல்கொத்தைப் பிரித்து, அதில் இருந்ததிலேயே பளீரென்ற சிவப்பை உருவினாள். ஓட்டைக்கு மேலே பத்துச் சுற்று, கீழே பத்துச் சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சை மறைக்காமல் வெளிப்பக்கமாகவே விட்டாள்.

"இது நல்லாத் தெரியட்டும்," என்றாள்.