ஓல்ஷினிக் காட்டுச் சிவப்புக் கிண்ணம்

ஓல்ஷினி ஊர்ப் பெருமக்களுக்கும், எல்லைக்கு அப்பால் வசிக்கும் ஆஸ்திரியர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: பனி உருகும்போது எங்கள் காட்டில் மக்கிய சுள்ளிகளின் மேல் முளைக்கும் சிவப்புக் கிண்ணக் காளான், அசல் செக் நாட்டுச் செங்கிண்ணமே.

அறிவித்தவர் காளான் சங்கத் தலைவர் ப்ரோகெஷ். இடம், வ்லாஸ்தாவின் பீர்க்கடை. மீசையில் நுரையோடு அவர் எழுந்து நின்றதால் நாங்களும் நின்று தொலைத்தோம்.

இந்தக் காளானுக்கு ஒரு பங்காளி உண்டு. அதன் பெயர் ஆஸ்திரியக் கிண்ணம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கிண்ணத்தின் வெளிப்புற ரோமத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும்: நேராக இருந்தால் செங்கிண்ணம், சுருண்டிருந்தால் பங்காளி.

தலைவரின் மகள் ராட்கா ஓர் ஆஸ்திரியனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று தலைவர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட டீச்சரான ராட்கா அன்று மைக்ராஸ்கோப்போடு வந்துவிட்டாள்.

"அந்த ஊர்க்காரன் ஒருத்தன்கூட நம்ம மண்ணுல ஒட்டமாட்டான்டி."

"ஒட்டியிருந்தா?"

"உன் கல்யாணத்துல அக்கார்டியன் வாசிக்கிறேன், போ!"

"வ்லாஸ்தாக்கா, கேட்டீங்கல்ல?"

"கடையே கேட்டுச்சு."

ராட்கா மேஜையிலிருந்த காளான் ஒன்றிலிருந்து பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸுக்கு அடியில் வைத்தாள். தலைவர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"லென்ஸ்ல அழுக்கு."

துடைத்தோம்.

"இது சீக்கு வந்த காளான். வேற கொண்டாங்க."

ஓடைக்கரையிலிருந்தும் மாதாகோயில் பின்புறத்திலிருந்தும் கொண்டுவந்தோம். எல்லாம் சுருட்டை.

வ்லாஸ்தாவும் எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டுச் செம்மறி தோத்துச்சு போங்க, தலைவரே!"

தலைவர் விட்ட பெருமூச்சில் மேஜையிலிருந்த கிண்ணக் காளான் ஒன்று புஸ்ஸென்று வெள்ளை வித்துத்தூளைக் கக்கியது. மீசையெல்லாம் ஆஸ்திரியா.

"எத்தன நாளா இருக்கான் இவன் இங்க?"

"உங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடிலேருந்துப்பா."

மிச்ச பீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"அந்தப் பையன் பேரு என்னம்மா?"

முதல்முறையாகக் கேட்கிறார். ராட்கா அழுதுகொண்டே சிரித்தாள். "ஃப்லோரியான்."

ஜூனில் கல்யாணம். தலைவர் விரல் வீங்கும்வரை வாசித்தார். சம்பந்திகளை இழுத்து இழுத்து ஆட விட்டார். சங்கத்தின் சார்பில் அண்டா நிறையக் காளான் சூப் கொதித்தது.

மாப்பிள்ளைக்குக் காளான் பிடிக்காது.