வாடகை விலாசம்

2004ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தின் எல்ல என்ற ஊரில் ஒரு விருந்தினர் விடுதி, தன் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துத் தரக் கம்சலாவைக் கேட்டது. தொழில் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் வருடம் முழுக்க வேலை. மேல்மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அங்கே கொழுந்து பறிக்கும் அம்மா ராமலட்சுமியோடு வசித்த ஒற்றை அறையில் வைத்துத்தான் அவள் தைத்தாள். பதிவுக்கு விலாசம் வேண்டும்; அந்த அறைக்கோ இலக்கம் கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகமான கந்தோருக்குத்தான் வரும்.

பதுளை நகரில் காசுக்கு ஃபோன் பேசும் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த ஹாஷிம், கடை விலாசத்தை மாத வாடகைக்குக் கொடுப்பார். கடிதங்களை வாங்கி வைப்பார், ஃபோன் வந்தால் பேசுவார்.

"எத்தன பேர் இந்த விலாசத்தில பதிஞ்சிருக்காங்க. கையெழுத்துப் போடுங்க மகள்" என்று, தொழில் இடமாகத் தன் கடை விலாசத்தை எழுதிய பதிவுப் படிவத்தை நீட்டினார்.

கம்சலாவுக்கு மனம் கேட்கவில்லை. படிவத்தோடு பதிவுக் கந்தோருக்குப் போனாள். யாழ்ப்பாணத்துக்காரரான கனகரத்தினம் அங்கே எழுதுவினைஞர்.

"ஐயா, இது சட்டப்படி சரிங்களா?"

"கடிதம் எடுக்கிறதுக்கு விலாசத்தை வாடகைக்கு எடுக்கலாம், பிள்ளை. அதிலை பிழையில்லை. ஆனா தொழில் நடக்கிற இடமெண்டு எழுதினா அது பொய். எங்கை தைக்கிறீர்?"

"லயத்திலங்க."

"அப்ப அந்த இடத்தைத்தான் பதிய வேணும். தோட்டத்தின்ரை சம்மதக் கடிதம் கொண்டு வாரும்."

மறுநாள் சம்மதக் கடிதம் கேட்டுத் தோட்டக் கந்தோர் வாசலில் வெகுநேரம் நின்றாள். பெரிய கிளாக்கர், தோட்ட மேலாளரான துரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"லயம் ஆளுங்க தங்குறதுக்கு, யாவாரம் பண்றதுக்கு இல்ல. இத்தன நாளா அங்க மிஷின் ஓடுதா? வெள்ளிக்கிழமைக்குள்ள தூக்கிடு. இல்லாட்டி ஒங்கம்மா இருக்கிற காம்பராவே பறிபோயிரும்."

ராமலட்சுமி சத்தம் போடவில்லை. "கேக்காம இருந்திருந்தா யாருக்குடி தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

கம்சலா மழையிலேயே மறுபடி பதுளைக்கு, ஹாஷிமின் கடைக்கு இறங்கினாள்.

"நானா, கடையில ஒரு மூலை குடுங்க. மிஷினப் போட்டுக்கிறேன். அப்ப பொய்யில்லைங்களே?"

இரண்டு ஃபோன் கூடுகளையும் போட்டோக்கொப்பி மிஷினையும் ஹாஷிம் சங்கடத்தோடு பார்த்தார். "எடம் எங்க மகள் இருக்கு? என்கிட்ட விலாசம் மட்டுந்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை தையல் மிஷினை விற்றாள். விடுதி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதுளை நகரத்து உடுப்புக் கடை ஒன்றுக்கு வேலையைக் கொடுத்தது. அந்தக் கடையின் பின்னறையில் நாட்சம்பளத்துக்குச் சேர்ந்த கம்சலாதான் சீருடைகளில் பாதியைத் தைத்தாள். ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் முதலாளியின் பெயர்த் துண்டை, கோணாமல், நேராக வைத்துத் தைத்தாள்.